உள்ளூர்ப் பையன்களை எடுப்பது ஊர்ப்பாசமா, கணக்கா? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் ஆள்சேர்ப்பு பற்றி

உங்கள் மாநிலப் பல்கலைக்கழக அணிக்குப் புதிதாக வந்திருக்கும் தலைமைப் பயிற்சியாளர் டெக்சாஸிலிருந்தும் புளோரிடாவிலிருந்தும் பையன்களைக் கொண்டுவருகிறார், உள்ளூர்ப் பள்ளிகளில் நன்றாக ஆடியவர்கள் பக்கத்து மாநிலத்துக்குப் போகிறார்கள், ரசிகர்கள் கொதிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளூர்த் திறமை உண்மையிலேயே வெற்றிக்கு உதவுகிறதா, இது வெறும் ஊர்ப்பாசமா, டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும் (வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல்) வீரர்களுக்குப் பணமும் வந்த பிறகும் இதற்கு அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதன் அடியில் இருக்கும் கேள்வியை இப்படி எடுத்துக்கொள்கிறேன்: ஏறக்குறைய ஒரே தரமுள்ள இரண்டு பையன்கள், ஒருவன் 60 மைல் தள்ளி இருக்கிறான், இன்னொருவன் 1,200 மைல் தள்ளி. முதலாமவனுக்கு முன்னுரிமை கொடுத்தால் களத்தில் ஏதாவது லாபம் உண்டா?

உண்டு. அந்த லாபத்தில் பெரும்பங்கு விசுவாசத்திலிருந்து வருவதில்லை, தகவலிலிருந்து வருகிறது. பக்கத்தில் இருக்கும் பையனை அணி பலமுறை, பல நிலைகளில், குறைந்த செலவில் பார்க்க முடியும். அதனால் அவன் விஷயத்தில் கணிப்பு தவறுவது குறைகிறது. இந்த அனுகூலம் நாடே அறிந்த நட்சத்திரங்களிடம் சிறியது. அவர்களைப் பற்றி எல்லாருக்கும் எல்லாம் தெரியும். அணியின் நடுவரிசையிலும் அடிவரிசையிலும்தான் அது பெரியது. இதை மனதில் வைத்துக்கொண்டால் ரசிகர்களின் கோபத்தில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று நீங்களே அளந்துவிடலாம்.

முதலில் விளைச்சலைப் பற்றி. எல்லா மாநிலங்களும் ஒன்றல்ல. எண்ணிக்கையில் டெக்சாஸ், புளோரிடா, கலிபோர்னியா, ஜார்ஜியா ஆகிய நான்கும் முன்னால் நிற்கின்றன. மக்கள்தொகைக்கு எத்தனை பேர் என்று பார்த்தால் லூயிசியானா, மிசிசிப்பி, அலபாமா போன்ற தென்மாநிலங்கள் மேலே வருகின்றன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி டெக்சாஸில் 2 கோடியே 91 லட்சம் பேர், லூயிசியானாவில் சுமார் 46 லட்சம், நெப்ராஸ்காவில் 20 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. தெற்கே பல மாநிலங்களில் வசந்த காலத்திலும் பள்ளி அணிகள் பயிற்சி செய்ய அனுமதி உண்டு, வெயில் காலமும் நீளம். பையன்கள் ஆண்டில் பெரும்பகுதி பந்தோடு இருக்கிறார்கள். ஆகவே லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் (எல்எஸ்யூ) ‘மாநிலத்துக்கு வேலி போடுவோம்’ என்று சொல்வதும் நெப்ராஸ்கா அதையே சொல்வதும் ஒரே திட்டம் ஆகாது. முதலாவது அணிக்கு வேலிக்குள்ளேயே எல்லா இடங்களுக்கும் ஆள் கிடைக்கும். இரண்டாவதுக்கு லைன்மேன் (முன்வரிசையில் நின்று மோதும் பெரிய உடல்காரன்) கிடைப்பான், வேகமான கார்னர்பேக் (பந்தைப் பிடிக்க ஓடுபவனைத் தடுக்கும் பின்காவலன்) போதுமான எண்ணிக்கையில் கிடைக்கமாட்டான்.

அடுத்து, ‘உள்ளூர்’ என்றால் எது? ரசிகர்கள் மாநில எல்லையை வைத்துப் பேசுகிறார்கள். பயிற்சியாளர்கள் கார் ஓடும் மணிக்கணக்கை வைத்துப் பேசுகிறார்கள், அதுவே சரி. 2016 பருவத்தில் கிளெம்சனுக்குச் சாம்பியன்ஷிப் வாங்கித் தந்த டிஷான் வாட்சன் ஜார்ஜியாவின் கெயின்ஸ்வில் ஊர்க்காரர். தென்கரோலைனாவில் இருக்கும் கிளெம்சனுக்கு அங்கிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம்தான். மிசௌரி பல்கலைக்கழகத்தில் ஆடிய லூதர் பர்டன் பள்ளியை முடித்தது ஈஸ்ட் செயின்ட் லூயிஸில். அது இல்லினாய் மாநிலம், ஆனால் ஆற்றின் எதிர்க்கரையில் மிசௌரியின் செயின்ட் லூயிஸ் நகரம். காகிதத்தில் இருவரும் வெளிமாநிலம், நடைமுறையில் உள்ளூர். பெற்றோர் சனிக்கிழமை காலை கிளம்பி ஆட்டம் பார்த்துவிட்டு அன்றிரவோ மறுநாளோ வீடு திரும்பக்கூடிய தூரம், அதாவது நான்கைந்து மணி நேரக் காரோட்டம், இதுவே பயனுள்ள எல்லை.

இப்போது தகவல் எப்படித் திரள்கிறது என்று சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், விஷயத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதிப்படி மேல்நிலை அணி ஒன்றில் தலைமைப் பயிற்சியாளரோடு சேர்த்து 11 பேர் மட்டுமே வளாகத்துக்கு வெளியே போய் ஆள் பார்க்கலாம். அவர்களுக்கும் ஆண்டின் எந்த வாரங்களில் போகலாம், எப்போது பையனோடு பேசலாம், எப்போது பார்க்க மட்டும் செய்யலாம் என்று கட்டங்கள் உண்டு. 2008-இல் வந்த விதி ஒன்று, தலைமைப் பயிற்சியாளர் வசந்த காலச் சுற்றில் பள்ளிகளுக்குப் போவதைத் தடுத்தது. பருவம் நடக்கும்போது சனிக்கிழமை சொந்த ஆட்டம் இருக்கும், பள்ளி ஆட்டங்களோ வெள்ளி இரவில் நடக்கின்றன. உதவிப் பயிற்சியாளர் ஒருவர் வெள்ளி மாலை இரண்டு மணி நேரம் ஓட்டிப்போய் ஆட்டத்தின் முதல் பாதியைப் பார்த்துவிட்டு இரவே அணியோடு சேர்ந்துகொள்ளலாம். 1,200 மைல் தள்ளி என்றால் விமானம், விடுதி, ஆட்டமில்லாத வாரத்துக்காகக் காத்திருப்பு. தொலைவிலிருக்கும் பையனை நேரில் ஒன்றிரண்டு தடவை பார்த்தால் பெரிது. மீதியெல்லாம் வீடியோதான்.

வீடியோ பொய் சொல்வதில்லை, ஆனால் பாதியை மறைக்கும். பையன் அனுப்பும் தொகுப்பில் அவனுடைய நல்ல 30 ஆட்டத் தருணங்கள் இருக்கும். மூன்றாவது கால்பகுதியில் களைத்துப்போய் நடந்ததும், பந்து தன் பக்கம் வராதபோது சும்மா நின்றதும் இருக்காது. முழு ஆட்ட வீடியோ கேட்டு வாங்கிப் பார்க்கும் அணிகள்கூட ஒரு விஷயத்தைத் தவறவிடும்: எதிரே ஆடியவன் யார்? பலவீனமான மாவட்டத்தில் ஒரு பையன் மலைபோலத் தெரிவான். அந்த மாவட்டத்தைப் பத்து வருடமாகப் பார்த்துவரும் உள்ளூர்ப் பயிற்சியாளருக்கு அதைக் கழித்துப் பார்க்கத் தெரியும். உயரம், எடைக்கும் இதே கதை. பள்ளியின் பட்டியலில் 6 அடி 3 அங்குலம் என்று இருப்பவன் அளவுகோலுக்குக் கீழே நின்றால் 6 அடி 1 அங்குலம் என்பது சாதாரணம். ஜூன் மாத முகாமுக்கு அவன் சொந்தக் காரில் வந்தால் உயரம், கைநீளம், உள்ளங்கை அகலம், 40 கெஜ ஓட்டம் எல்லாவற்றையும் அணியே அளந்துகொள்ளலாம். வசந்தத்தில் நடக்கும் தடகளப் போட்டியில் மின்னணுக் கடிகாரத்தில் பதிவான 100 மீட்டர் நேரம், கைக்கடிகாரத்தில் எடுத்த 40 கெஜ நேரத்தைவிட எவ்வளவோ நம்பத்தக்கது. குளிர்காலத்தில் கூடைப்பந்து ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்தால் ஒரு டைட் எண்ட் (எதிரியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவன்) எப்படித் திரும்புகிறான், எப்படிக் குதிக்கிறான் என்று தெரியும். மல்யுத்த மேடையில் ஒரு லைன்மேனின் இடுப்பும் சமநிலையும் தெரியும். அப்பா, மாமன் எவ்வளவு உயரம் என்பதுகூடத் தகவல்தான். 17 வயதில் 6 அடி 5 அங்குலமும் 240 பவுண்டும் இருக்கும் பையன் மூன்று ஆண்டில் 300 பவுண்டு லைன்மேனாக வளர்வானா என்பதற்கு அந்தக் குடும்பத்தின் எலும்பு ஒரு குறிப்புத் தரும்.

படிப்பும் இதில் சேரும். கல்லூரி விளையாட்டின் மேல் பிரிவான முதல் டிவிஷனில் ஆட 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் 2.3 சராசரியும் வேண்டும். அந்த 16-இல் 10 பாடங்கள் பள்ளியின் ஏழாவது செமஸ்டர் தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும். ஒரு பையன் பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பாடம் ஒன்றில் பின்தங்கினால் உள்ளூர் அணியின் ஆள் அதைப் பள்ளி ஆலோசகரிடம் இயல்பாகவே கேட்டுத் தெரிந்துகொள்வார். தூரத்து அணிக்கு அது டிசம்பரில் கையெழுத்து நேரத்தில்தான் தெரியவரும். அப்போது வேறு ஆள் தேட நேரம் இருக்காது.

இவ்வளவையும் ஒரு பள்ளிப் பயிற்சியாளர் வாய்திறந்து உண்மை சொன்னால்தான் பெற முடியும். டெக்சாஸில் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கில்மர் பள்ளியில் நீண்டகாலம் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜெஃப் டிரெய்லரை சான் அன்டோனியோவில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் (யூடிஎஸ்ஏ) எடுத்தது. அவரது அணி 2021, 2022 இரண்டு ஆண்டும் தன் கான்ஃபரன்ஸை (தமக்குள் ஆடும் அணிகளின் குழு) வென்றது. சீடர் ஹில் பள்ளியில் மூன்று மாநிலப் பட்டங்கள் வென்ற ஜோயி மெக்வையரை 2021 நவம்பரில் டெக்சாஸ் டெக் தலைமைப் பயிற்சியாளராக்கியது. இப்படிப்பட்டவர்கள் கூப்பிட்டால் மாநிலத்தின் பள்ளிப் பயிற்சியாளர்கள் தொலைபேசியை எடுப்பார்கள். ‘இந்தப் பையன் நல்லவன், ஆனால் திட்டினால் சுருண்டுவிடுவான்’ என்பது போன்ற ஒரு வாக்கியம் எந்த வீடியோவிலும் கிடைக்காது.

பணக்கணக்கு மேல்மட்டத்தில் சிறியது, கீழே போகப்போகப் பெரியது. முதல் டிவிஷனின் மேல் அடுக்கில் நீண்டகாலம் 85 முழு உதவித்தொகைகள் இருந்தன. வெளிமாநிலக் கட்டணம் கூடுதல் என்றாலும் பெரிய அணிக்கு அது சுமையில்லை. அடுத்த அடுக்கான எஃப்சிஎஸ்ஸில் 63 உதவித்தொகைக்குச் சமமான தொகையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள். இரண்டாம் டிவிஷனில் அது 36-தான், அணியிலோ 100 பேருக்கு மேல். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். உள்மாநிலத்தவருக்கு ஆண்டுச் செலவு 25,000 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 40,000 என்று வைத்துக்கொள்வோம். அரை உதவித்தொகை கிடைத்தால் உள்ளூர்ப் பையன் வீட்டில் 12,500 கட்ட வேண்டும், வெளியூர்ப் பையன் வீட்டில் 20,000. நான்கு வருடத்துக்கு 30,000 டாலர் வித்தியாசம். இதோடு ஜார்ஜியாவின் ஹோப், புளோரிடாவின் பிரைட் ஃப்யூச்சர்ஸ், லூயிசியானாவின் டாப்ஸ் போன்ற மாநில அரசுக் கல்வி உதவிகளை உள்மாநில மாணவர் மட்டும் தன் மதிப்பெண்ணைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். சிறிய கல்லூரிகள் உள்ளூரில் ஆளெடுப்பதில் பாதிக் காரணம் இந்தக் கணக்குத்தான். இதில் பாசத்துக்கு வேலையில்லை.

உதவித்தொகையே இல்லாமல் சேரும் ‘வாக்-ஆன்’ பையன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், உள்ளூர் ஆள்சேர்ப்பின் மிகப்பெரிய பலன் வரலாற்றில் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. நெப்ராஸ்காவின் கிராமத்துப் பையன்கள் சொந்தக் காசில் சேர்ந்து, மூன்று வருடம் எடை தூக்கி, நான்காம் வருடம் லைனில் நின்றார்கள். விஸ்கான்சினில் பேரி அல்வாரெஸ் 1990-இல் வந்தபின் அதே வழியைப் பிடித்தார். அந்த மாநிலத்தின் சிற்றூரிலிருந்து வாக்-ஆனாக வந்த ஜிம் லியோன்ஹார்ட் மூன்றுமுறை ஆல்-அமெரிக்கன் (நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்களின் பட்டியல்) ஆனார். ஜே.ஜே. வாட் விஸ்கான்சினின் பெவாக்கி ஊர்க்காரர். சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டைட் எண்டாகத் தொடங்கி, உதவித்தொகையை விட்டுவிட்டு வாக்-ஆனாகத் தன் மாநிலத்துக்குத் திரும்பினார். கன்சாஸ் ஸ்டேட்டின் ஜோர்டி நெல்சன் பக்கத்து ஊர் வாக்-ஆன். லேட்டன் வாண்டர் எஷ் சில நூறு பேர் வாழும் ஐடஹோவின் ரிகின்ஸ் ஊரில் எட்டுப் பேர் ஆடும் பள்ளி ஃபுட்பால் ஆடியவர். பாய்ஸி ஸ்டேட்டில் வாக்-ஆனாகச் சேர்ந்து, 2018-இல் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் ஆள்தேர்வில் முதல் சுற்றில் 19-ஆவது ஆளாகப் போனார். எட்டுப் பேர் ஆடும் பள்ளிக்கு வேறு மாநில அணி ஆள் அனுப்பாது. பக்கத்து அணி மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய ஆட்கள் இவர்கள்.

இதன் மறுபக்கமும் பதிவில் இருக்கிறது. ஜோஷ் ஆலன் வளர்ந்த ஃபயர்பா, கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரம். அவர் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டில் ஆட ஆசைப்பட்டார், அங்கிருந்து அழைப்பு வரவில்லை. ரீட்லி என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஒரு வருடம் ஆடி, வயோமிங்குக்குப் போய், 2018-இல் ஏழாவது ஆளாக என்எஃப்எல்லுக்குப் போனார். பள்ளி முடியும்போது அவர் ஒல்லி, வளர்ச்சி பின்னால் வந்தது. பக்கத்தில் இருப்பதே போதாது, பக்கத்தில் இருப்பவர் கவனித்துப் பார்க்கவும் வேண்டும்.

பெரிய அணிகளின் வரலாற்றுக்கு வந்தால் எல்லாரும் மயாமியைச் சொல்வார்கள். 1979-இல் ஹோவர்ட் ஷ்னெல்லன்பெர்கர் பொறுப்பேற்றபோது மயாமி பல்கலைக்கழகம் ஃபுட்பாலையே கைவிடலாமா என்று யோசித்த நிலை. தென்புளோரிடாவைத் தனி மாநிலமாகப் பாவித்து, அதற்குள்ளிருந்து யாரும் வெளியே போகக்கூடாது என்று அவர் வேலை செய்தார். 1983 பருவத்தின் முடிவில் நடந்த ஆரஞ்ச் போல் ஆட்டத்தில் நெப்ராஸ்காவை 31-30 என்று வென்று தேசியப் பட்டம் வந்தது. ஆனால் அந்த அணியில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பெர்னி கோஸார் ஓஹையோவின் போர்ட்மன் ஊர்க்காரர். 36 ஆண்டு கழித்து எல்எஸ்யூ 15-0 என்று முடித்த 2019 அணியைப் பாருங்கள். ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன், கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர், டெரெக் ஸ்டிங்லி எல்லாரும் லூயிசியானா, பயிற்சியாளர் எட் ஒர்ஜெரனும் லூயிசியானா. பந்தை வீசிய ஜோ பர்ரோ ஓஹையோவிலிருந்து வந்த டிரான்ஸ்ஃபர். நெப்ராஸ்காவின் 1994 சாம்பியன் அணியில் லைனின் தூணான ஸாக் வீகர்ட் அந்த மாநிலத்தின் ஃப்ரீமான்ட் ஊர், குவார்ட்டர்பேக் டாமி ஃப்ரேசியர் புளோரிடாவின் பிரேடன்டன்.

இது தற்செயல் இல்லை என்பது என் கணிப்பு. குவார்ட்டர்பேக் இடத்தில் ஒரே ஒருவன்தான் ஆட முடியும். அந்த ஒருவனுக்காக நாடெங்கும் தேடுவது நியாயமான செலவு. லைன், லைன்பேக்கர் (தடுப்பின் இரண்டாம் வரிசை), ரிசீவர் (வீசிய பந்தைப் பிடிப்பவன்), ஸ்பெஷல் டீம் (பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான குழு) என்று ஆள்கூட்டம் தேவைப்படும் இடங்களை வருடம் தவறாமல் தூரத்திலிருந்து நிரப்புவது கஷ்டம், அங்கேதான் உள்ளூர்க் கண்டுபிடிப்பு கைகொடுக்கிறது. ஜெஃபர்சனே நல்ல உதாரணம். பள்ளியில் அவருக்குத் தரவரிசை மிகக் கீழே. ஆனால் அவருடைய அண்ணன்மார் ஜோர்டனும் ரிக்கியும் ஏற்கெனவே எல்எஸ்யூவில் ஆடியவர்கள், அந்த வீட்டைப் பற்றி அணிக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

வேலி என்பது எந்த மாநிலத்திலும் முழுதாக நின்றதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டெவோன்டா ஸ்மித் பேட்டன் ரூஜிலிருந்து ஒரு மணி நேரத்தில் இருக்கும் அமீட் ஊர்க்காரர். அலபாமாவுக்குப் போய், ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை 2020-இல் வாங்கினார். ஓஹையோவில் வளர்ந்த டெஸ்மண்ட் ஹோவர்டும் சார்ல்ஸ் வுட்சனும் பரம எதிரியான மிச்சிகனுக்குப் போய் 1991, 1997 ஹைஸ்மன் விருதுகளை வாங்கினார்கள். தென்கலிபோர்னியாவில் 2020-இல் பள்ளி முடித்த மூன்று குவார்ட்டர்பேக்குகள் பிரைஸ் யங், சி.ஜே. ஸ்ட்ரௌட், டி.ஜே. உயாங்கலெலே முறையே அலபாமா, ஓஹையோ ஸ்டேட், கிளெம்சன் போனார்கள். ஹவாயில் வளர்ந்த மாரியோட்டா ஆரிகனுக்கும், டுவா டாகோவாய்லோவா அலபாமாவுக்கும் போனார்கள். இவற்றைக் காட்டி ஒரு பயிற்சியாளரைத் திட்டுவது எளிது. உச்சத்திலிருக்கும் பையனுக்கு 30 அழைப்புகள் வரும், அவன் சொந்த ஊரை விட்டுப் போவது எப்போதும் நடக்கும். கவலைப்பட வேண்டியது அவனுக்கு அடுத்த 15 பேரும் போகும்போதுதான்.

அப்படிப் போவதற்கான காரணங்கள் பெரும்பாலும் அணியின் கையிலேயே இருக்கின்றன. முதலாவது தாமதம். ‘இவன் நம்ம பையன், எங்கே போகப்போகிறான்’ என்று உள்ளூர்ப் பையனுக்குக் கடைசியில் அழைப்புக் கொடுப்பது. பத்தாம் வகுப்பிலேயே நான்கு வெளியூர் அணிகள் அழைத்திருக்கும்போது வீட்டுப் பக்கத்து அணி பன்னிரண்டாம் வகுப்பில் வந்து நின்றால் அந்தக் குடும்பம் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்வதில் தவறில்லை. இரண்டாவது, வாய்வார்த்தை கொடுத்த உள்ளூர்ப் பையனை, பெரிய பெயர் ஒன்று கிடைத்ததும் டிசம்பரில் கைவிடுவது. பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டின் ஆகஸ்ட் 1-க்கு முன் எழுத்தில் எதையும் கொடுக்க விதி இடம் தராது, அதுவரை எல்லாம் வாய்ச்சொல்தான். தூரத்துப் பள்ளியில் இப்படிச் செய்தால் ஒரு கதவு மூடும். சொந்த மாநிலத்தில் செய்தால் அந்தப் பயிற்சியாளர், அவருடைய நண்பர்கள், அவர்கள் எல்லாரும் சந்திக்கும் ஆண்டுக்கூட்டம் என்று பத்து வருடம் பேச்சு நிற்காது. மூன்றாவது எதிர்த்திசைத் தவறு: பள்ளிப் பயிற்சியாளரின் மனம் கோணக்கூடாது என்று தரமில்லாத பையனுக்கு இடம் கொடுப்பது. அவன் நான்கு வருடம் பெஞ்சில் உட்காருவான், அவனுக்கும் அது அநியாயம். நான்காவது, பயிற்சியாளர் மாற்றம். 2017 முதல் டிசம்பரிலேயே கையெழுத்து தொடங்கிவிடுகிறது. நவம்பர் கடைசியில் வேலைக்கு வருபவருக்குக் கையில் சில நாட்களே இருக்கும். அவர் தனக்கு ஏற்கெனவே பழக்கமான ஊர்களிலிருந்துதான் ஆளைக் கொண்டுவர முடியும். உங்கள் புதுப் பயிற்சியாளரின் முதல் ஆண்டுப் பட்டியலில் டெக்சாஸும் புளோரிடாவும் அதிகமிருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். முதல் ஆண்டை வைத்து அவரை எடைபோடாதீர்கள்.

இனி, எதை உறுதியாகச் சொல்ல முடியாது என்பது. ‘உள்ளூர்ப் பையன் மாநிலத்தின் பெயருக்காக உயிரைக் கொடுத்து ஆடுவான்’ என்று சொல்வார்கள். சிலர் அப்படி ஆடுகிறார்கள். ஆனால் இதைப் பொதுவிதியாக்க நல்ல ஆதாரம் கிடையாது. வெற்றி பெறும் அணிகளில் உள்ளூர் ஆட்கள் நிறைய இருப்பதைக் காட்டினால், வெற்றி பெறுவதால்தான் உள்ளூர் ஆட்கள் அங்கே சேருகிறார்கள் என்று திருப்பிச் சொல்லலாம், இரண்டையும் பிரித்தெடுப்பது கடினம். ‘உள்ளூர்ப் பையன் பாதியில் விட்டுப்போகமாட்டான்’ என்பதும் அப்படியே. வீட்டு ஏக்கம் தூரத்துப் பையன்களைத் திரும்ப வைக்கிறது என்பதைப் பயிற்சியாளர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆடும் நேரம் கிடைக்காத உள்ளூர்ப் பையனும் அதே வேகத்தில் போகிறான். உறுதியாக இருப்பது பெற்றோர் வருகை: 12 ஆட்டங்களில் ஆறேழு சொந்த மைதானத்தில் நடக்கும், அவ்வளவையும் நேரில் பார்க்கும் அம்மா அப்பா மகனின் முடிவில் பெரிய பங்கு வகிக்கிறார்கள். குடும்பமே சொந்தச் செலவில் செய்யும் சாதாரண வளாக வருகைகளை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். பக்கத்து வீட்டார் எட்டுமுறை வந்துபோவார்கள், தூரத்தில் இருப்பவர்கள் அணி செலவு செய்யும் வருகை ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள்.

போர்ட்டலும் பணமும் இதை எப்படி மாற்றின என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. போர்ட்டல் 2018 அக்டோபரில் வந்தது. 2021 முதல் ஒருமுறை காத்திருப்பில்லாமல் மாறலாம் என்றானது, 2024 முதல் எத்தனை முறையும் மாறலாம். பெயர், படம் வழியாகச் சம்பாதிக்கும் என்ஐஎல் உரிமை 2021 ஜூலை 1 முதல். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஹவுஸ் வழக்கு உடன்பாட்டின்படி, அதில் சேர்ந்த கல்லூரிகள் முதல் ஆண்டில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிரலாம். ஃபுட்பால் அணிக்கு உதவித்தொகை வரம்பு போய் 105 பேர் என்ற ஆள்வரம்பு வந்தது.

இதில் உள்ளூர்த் திறமைக்கு மிகப் பெரிய அடி இந்த 105. முன்பு உதவித்தொகைக்கு மட்டுமே வரம்பு, வாக்-ஆன்களைச் சேர்த்து 120-க்கும் மேல் வைத்துக்கொள்ளலாம். மூன்று வருடம் பொறுத்து வளர்த்தெடுக்க வேண்டிய உள்ளூர் வாக்-ஆனுக்கு இப்போது இடம் மிகக் குறைவு. நெப்ராஸ்காவும் விஸ்கான்சினும் பல பத்தாண்டுகள் கட்டிய வழி இது. அது குறுகிப்போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது, அதனால் ஆட்டமும் ஏழையாகும் என்றே நினைக்கிறேன். பணம் உள்ளூர்ப் பையனைக் கட்டிப்போடுமா என்பதற்கு மிசௌரி ஒரு சோதனை நடத்தியது. உள்மாநிலக் கல்லூரியில் கையெழுத்திடும் பள்ளி மாணவர் கல்லூரி தொடங்குமுன்பே சம்பாதிக்கலாம் என்று 2023-இல் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த மாநிலத்தின் லீஸ் சம்மிட்டைச் சேர்ந்த தரவரிசையின் உச்சமான ஐந்து நட்சத்திரம் பெற்ற தடுப்பு வீரர் வில்லியம்ஸ் நுவானேரி மிசௌரியில்தான் சேர்ந்தார். ஒரே பருவத்தில் நெப்ராஸ்காவுக்கு மாறிவிட்டார். சட்டம் சேர்க்க உதவலாம், நிறுத்திவைக்க உதவாது.

மறுபுறம், போர்ட்டல் உள்ளூர் அறிமுகத்துக்கு இரண்டாவது வாய்ப்பைக் கொடுத்திருக்கிறது. குவின் எவர்ஸ் டெக்சாஸின் சவுத்லேக் பையன். 2021-இல் ஓஹையோ ஸ்டேட்டுக்குப் போனார், அந்த ஆண்டு டிசம்பரிலேயே டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். பள்ளிக்காலத்தில் ஒரு பையனைக் கண்ணியமாக நடத்தி, அவன் வேறிடம் தேர்ந்தெடுத்தபோதும் வாழ்த்தி அனுப்பிய அணிக்கு, அவன் போர்ட்டலில் வந்ததும் முதல் அழைப்பு போகும். அவனுடைய முழங்கால் பற்றியும் குடும்பம் பற்றியும் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் சில நாட்களில் முடிவெடுக்க முடியும். போர்ட்டலில் நேரமே மிகப் பெரிய தட்டுப்பாடு, அதனால் பழைய தகவலின் மதிப்பு கூடியிருக்கிறது. நடு அடுக்கு அணிகளுக்குத்தான் கசப்பு. டெக்சாஸின் வெஸ்ட் கொலம்பியாவில் பந்தை அதிகம் வீசாத பள்ளி அணியில் ஆடிய கேம் வார்டுக்கு உதவித்தொகை கொடுத்தது சான் அன்டோனியோவின் இன்கார்னேட் வேர்ட். அவர் அங்கிருந்து வாஷிங்டன் ஸ்டேட், பிறகு மயாமி என்று ஏறி 2025-இல் என்எஃப்எல்லில் முதல் ஆளாகத் தேர்வானார். கண்டுபிடித்த சிறிய கல்லூரிக்கு இரண்டு பருவங்கள் கிடைத்தன, அறுவடை வேறிடத்தில் நடந்தது. அப்படியிருந்தும் அந்த இரண்டு பருவங்களுக்காக அவர்கள் தேடித்தான் ஆக வேண்டும், வேறு வழியில் அந்தத் தரத்தை அவர்களால் வாங்க முடியாது.

ஆகவே உங்கள் அணியைப் பற்றி ரசிகர்களோடு விவாதிக்கும்போது ‘இந்த ஆண்டு எத்தனை சதவீதம் உள்மாநிலம்’ என்ற எண்ணை ஓரம் வையுங்கள். மாநிலம் நல்ல விளைச்சல் காணாத ஆண்டில் அந்த எண் குறைவதே சரியான வேலைக்கு அடையாளம். அதற்குப் பதிலாக நான்கு விஷயங்களைப் பாருங்கள். ஐந்து மணி நேரக் கார் தூரத்துக்குள் இருந்த முதல் 20 பேரில் எத்தனை பேருக்கு உங்கள் அணி முதல் மூன்று அழைப்புகளில் ஒன்றைக் கொடுத்தது? உதவிப் பயிற்சியாளர்களில் இந்தப் பகுதியின் பள்ளிகளில் முன்பு வேலை பார்த்தவர் குறைந்தது இருவராவது இருக்கிறார்களா? கைவிடப்பட்ட உள்ளூர்ப் பையன்கள் வேறிடத்தில் மூன்றாம், நான்காம் ஆண்டில் தொடக்க வீரர்களாகிறார்களா? வெளியூரிலிருந்து வந்தவர்கள் கார்னர்பேக், டிஃபென்சிவ் டாக்கிள் (தடுப்பு முன்வரிசையின் நடுவில் நிற்பவன்), குவார்ட்டர்பேக் போன்ற தட்டுப்பாடான இடங்களுக்கு வந்தவர்களா, இல்லை பக்கத்து ஊரிலேயே கிடைக்கும் கார்டு (தாக்கும் லைனின் உள்பக்கத்தில் நிற்பவன்), லைன்பேக்கர், டைட் எண்ட் இடங்களுக்கு வந்தவர்களா? கடைசிக் கேள்விக்கான பதில் இரண்டாவது வகையாக இருந்து, அது மூன்று ஆண்டுகள் தொடர்ந்தால், உங்கள் ஊர் ரசிகர்களின் கோபம் நியாயமானது.